ட்ரைக்கோடெர்மாவிலிருந்து கைட்டினேஸ்: கூழ்ம கைட்டின் முதல் புரோட்டோபிளாஸ்ட் வரை முழுமையான வழிகாட்டி

கைட்டினை உடைக்கும் நொதியான கைட்டினேஸில் வேலையைத் தொடங்கும் மாணவர்களில் பெரும்பாலானோர் முதல் நாளே ட்ரைக்கோடெர்மா பூஞ்சையை வளர்க்கப் போட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் நாள் பிளாஸ்க்கில் வடிநீர், அதாவது நொதி கலந்த வளர்ப்புத் திரவம், தயாராக இருக்கும். அதை அளக்கக் கூழ்ம கைட்டின் (தூள் கைட்டினை அமிலத்தில் கரைத்துக் கூழாக்கியது) இருக்காது, நிலைவரைபடம் (தெரிந்த அளவுச் சர்க்கரை தரும் நிறத்தின் வரைபடம்) இருக்காது, டிஎன்எஸ் (சர்க்கரையோடு நிறம் தரும் டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்) கரைசல் பாதி கரைந்த நிலையில் இருக்கும். அவற்றைத் தயார் செய்து முடிப்பதற்குள் வடிநீரில் இருக்கும் புரோட்டியேஸ்கள் (புரதத்தை உடைக்கும் நொதிகள்) கைட்டினேஸைத் தின்று தீர்த்திருக்கும். அப்புறம் "இந்தப் பூஞ்சையில் நொதியே இல்லை" என்ற முடிவுக்கு வருவார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை வேறு. முதலில் வினைப்பொருள் (நொதி உடைக்கப்போகும் கூழ்ம கைட்டின்), அடுத்து அளவீடு, அதற்கும் பிறகுதான் பூஞ்சை. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ட்ரைக்கோடெர்மா ஹார்சியானம். ட்ரைக்கோடெர்மாவின் மற்ற வகைகளான அஸ்பெரெல்லம், அட்ரோவிரிடி ஆகியவற்றுக்கும் இதே முறை சிறிய மாற்றங்களோடு பொருந்தும்.

1. எதை அளக்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கைட்டின் என்பது என்-அசிட்டைல்குளுக்கோசமைன் என்ற சர்க்கரை அலகுகள் பீட்டா-1,4 பிணைப்பில் கோத்த நீண்ட சங்கிலி. அதை உடைப்பது ஒரே நொதி அல்ல, மூன்று வகை நொதிகள் சேர்ந்து செய்யும் வேலை. எண்டோகைட்டினேஸ் சங்கிலியின் நடுவில் வெட்டும். கைட்டோபயோசிடேஸ் முனையிலிருந்து இரண்டிரண்டு அலகாக வெட்டும். என்-அசிட்டைல்குளுக்கோசமினிடேஸ் குட்டைத் துண்டுகளை ஒற்றை அலகாக்கும். முதல் இரண்டும் ட்ரைக்கோடெர்மாவில் ஜிஎச்18 என்ற நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை, மூன்றாவது ஜிஎச்20.

இதை இப்போதே சொல்லக் காரணம், எந்தச் சோதனை எதைப் பார்க்கும் என்பது இதைப் பொறுத்தது. கூழ்ம கைட்டினோடு டிஎன்எஸ் செய்தால் எல்லா நொதிகளின் கூட்டு விளைவு கிடைக்கும். பாரா-நைட்ரோஃபீனைல் அசிட்டைல்குளுக்கோசமினைடு (வெட்டினால் மஞ்சள் நிறம் தரும் செயற்கை வினைப்பொருள்) கொடுத்தால் மூன்றாவது நொதி மட்டும்தான் தெரியும். இந்த இரண்டாவது சோதனையைச் செய்துவிட்டு "கைட்டினேஸ் செயல்பாடு இவ்வளவு" என்று எழுதும் ஆய்வேடுகள் நிறைய உண்டு. அது தவறு. கைட்டோபயோஸ் ஒட்டிய பாரா-நைட்ரோஃபீனைல் கைட்டோபயோசிடேஸுக்கு, கைட்டோட்ரையோஸ் ஒட்டியது எண்டோகைட்டினேஸுக்கு. பணம் இருந்தால் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கூழ்ம கைட்டின் சோதனையை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

சுத்திகரித்த கைட்டின் தூள், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், என்-அசிட்டைல்குளுக்கோசமைன், டைநைட்ரோசாலிசிலிக் அமிலம், சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட், சோடியம் அசிட்டேட், புரதத்தை அளக்கப் பிராட்ஃபோர்டு சாயம். கருவிகளில் புகைக்கூண்டு, குளிர்வசதி உள்ள சென்ட்ரிஃப்யூஜ், ஷேக்கர், நீர்த்தொட்டி, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்.

இவற்றோடு சந்தையில் கிடைக்கும் கைட்டினேஸ் ஒரு சிறு குப்பி கட்டாயம் வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரிசியஸ் என்ற பாக்டீரியத்திலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது, ட்ரைக்கோடெர்மாவிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. விலை அதிகம் என்று பலர் இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் இது இல்லாமல் உங்கள் அளவீடு வேலை செய்கிறதா என்று சொல்ல வழியே இல்லை. வடிநீரில் பூஜ்ஜியம் வந்தால் குற்றம் பூஞ்சையிலா, வினைப்பொருளிலா, டிஎன்எஸ்ஸிலா என்று தெரியாமல் வாரக்கணக்கில் அலைவீர்கள்.

பூஞ்சையை அடையாளம் தெரிந்த இடத்திலிருந்து வாங்குங்கள். சண்டிகரில் எம்டிசிசி, டெல்லியில் ஐடிசிசி ஆகிய நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையங்கள் இருக்கின்றன. விவசாயக் கடையில் கிடைக்கும் 'விரிடி' டால்க் பாக்கெட்டிலிருந்தும் பிரித்தெடுக்கலாம். ஆனால் அதில் வேறு நுண்ணுயிர்களும் கலந்திருக்கும், ஒற்றை வித்திலிருந்து வளர்த்துத் தூய்மையாக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். இன்னொன்று, விரிடி என்ற பெயரில் புழங்கிய பல வகைகள் பின்னாளில் அஸ்பெரெல்லம் என்று அடையாளம் காணப்பட்டன. அடையாளத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் ஐடிஎஸ் டிஎன்ஏ வரிசையை மட்டும் நம்பாமல் டெஃப்1 மரபணுவையும் பார்த்துப் பெயரை உறுதி செய்யுங்கள்.

3. கூழ்ம கைட்டின் தயாரிப்பு

இந்த வேலையின் தரம் பெரும்பாலும் இந்த ஒரு படியில்தான் தீர்மானமாகிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

தூள் கைட்டின் படிகமாக இறுகியிருக்கும், நொதியால் அதன் உள்ளே நுழைய முடியாது. அடர் அமிலம் அந்தச் சங்கிலிகளைப் பிரிக்கும். பிறகு குளிர்ந்த நீரில் ஊற்றும்போது சங்கிலிகள் பழையபடி இறுகாமல், நீரை உள்ளே பிடித்துக்கொண்டு மென்மையான கூழாக விழும். நொதிக்கு வேண்டியது இந்தக் கூழ்தான்.

புகைக்கூண்டுக்குள் 200 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 5 டிகிரிக்குக் கீழ் குளிர வையுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். 10 கிராம் கைட்டின் தூளைக் கரண்டி கரண்டியாக, கிளறிக்கொண்டே, அரை மணி நேரம் எடுத்துச் சேருங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் கரைந்து, உள்ளே உலர்ந்த தூளோடு கட்டி கட்டியாக நிற்கும். அந்தக் கட்டிகளைப் பின்னால் எதுவும் கரைக்காது. தூளை மெல்லிய சல்லடையில் சலித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

பிறகு 4 டிகிரியில் இரவு முழுவதும் மெதுவாகக் கிளற விடுங்கள். அவசரப்பட்டு அறை வெப்பநிலையிலோ சூட்டிலோ வைக்காதீர்கள். குளிர்ந்த அமிலம் சங்கிலிகளைப் பிரிக்க மட்டும்தான் செய்யும், சூடான அமிலம் அவற்றை வெட்டவும் தொடங்கும். வெட்டினால் கூழ் குறையும், கரையும் குட்டைத் துண்டுகள் கூடும், பின்னால் உங்கள் வெற்று மதிப்பு (நொதி வேலை செய்யாமலே வரும் எண்) ஏறும். அமிலக் குப்பி பழையதாக இருந்தால் புதிதாக ஒன்றைத் திறங்கள். பலமுறை திறந்து மூடிய குப்பியில் வாயு வெளியேறி அமிலம் வலுவிழந்திருக்கும், கைட்டின் சரியாகக் கரையாது.

மறுநாள் கெட்டியான, சற்றே பழுப்பேறிய திரவம் கிடைக்கும். அதை 2 லிட்டர் பனிக்குளிர் நீரில், வேகமாகக் கிளறிக்கொண்டே மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். எப்போதும் அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. வெண்மையான படிவு உடனே வரும். சில மணி நேரம் குளிரில் நிற்க விட்டு, மேலே தெளிந்த அமில நீரை இறுத்துவிட்டு, மீதியை 8,000 ஜி வேகத்தில் சுழற்றிப் பிரியுங்கள்.

இப்போது கழுவுதல். கழுவிய நீரின் பிஎச் 5-க்கு மேல் ஏறும்வரை திரும்பத் திரும்பக் குளிர்ந்த நீரில் கலக்கிச் சுழற்ற வேண்டும். பலரும் பொறுமை இழப்பது இங்கேதான். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு ஒரே அடியில் நடுநிலையாக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் கூழுக்குள் உப்பு நிறையத் தங்கிவிடும், கரைந்த குட்டைத் துண்டுகளும் வெளியேறாமல் கூடவே இருக்கும். கழுவுவது அமிலத்தை நீக்க மட்டுமல்ல, அந்தத் துண்டுகளை நீக்கவும்தான். கடைசிச் சொட்டு அமிலத்துக்கு வேண்டுமானால் துளி காரம் விடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நன்றாக வந்த கூழ்ம கைட்டின் கடைந்த தயிர்போல வழவழப்பாக இருக்கும். விரலிடுக்கில் தேய்த்தால் மணல் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் அது கரையாத தூள்.

உலர் எடை பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். ஈரமான கூழை எடை போட்டு "1% கைட்டின்" என்று எழுதுவது மிகப் பரவலான பிழை, கூழின் பெரும்பகுதி நீர். 5 மி.லி. கூழை எடை தெரிந்த தட்டில் ஊற்றி, 80 டிகிரியில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துங்கள். 0.12 கிராம் நின்றால் உங்கள் கூழ் 2.4%. அதிலிருந்து 1% கலவை 100 மி.லி. வேண்டுமென்றால் சுமார் 41.7 மி.லி. எடுத்து நீர்க்க வேண்டும்.

கூழை 4 டிகிரியில் வையுங்கள். உறைய வைத்தாலோ முழுதும் உலர்த்தினாலோ சங்கிலிகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும், செய்த உழைப்பு வீண். அளவீட்டுக்கான பங்கில் மட்டும் 0.02% சோடியம் அசைடு சேர்க்கலாம். அமிலம் முழுதும் போன பிறகே சேர்க்க வேண்டும், ஏனென்றால் அசைடும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். வளர்ப்பு ஊடகத்துக்கான பங்கைத் தனியாக வைத்துவிடுங்கள். அசைடு கலந்த கூழை ஊடகத்தில் ஊற்றிவிட்டுப் பூஞ்சை ஏன் வளரவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது. குப்பிமேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

4. அளவீட்டை அமைப்பது

டிஎன்எஸ் கரைசலுக்கு: 10 கிராம் டைநைட்ரோசாலிசிலிக் அமிலத்தை 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 200 மி.லி.யில் இளஞ்சூட்டில் கரையுங்கள். 300 கிராம் சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட்டை நீரில் தனியே கரைத்துச் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். பழுப்புக் குப்பியில், மூடி இறுக வையுங்கள்.

நிலைவரைபடத்தை என்-அசிட்டைல்குளுக்கோசமைனில் போடுங்கள், குளுக்கோஸில் அல்ல. இரண்டும் டிஎன்எஸ்ஸோடு ஒரே அளவுக்கு நிறம் தருவதில்லை. குளுக்கோஸ் வரைபடத்தில் படித்த அலகுகளை வேறு யாருடைய அலகுகளோடும் ஒப்பிட முடியாது. 1 மி.லி.க்கு 0, 100, 200, 400, 600, 800, 1000 மைக்ரோகிராம் போதும். வினை நடக்கும் அதே பஃபரில் கரையுங்கள்.

வினைக்கு: 50 மில்லிமோலார் சோடியம் அசிட்டேட் பஃபர், பிஎச் 5.0, அதில் 1% கூழ்ம கைட்டின் 0.5 மி.லி., நொதி 0.5 மி.லி., 37 டிகிரியில் 30 நிமிடம். ட்ரைக்கோடெர்மாவின் கைட்டினேஸ்கள் லேசான அமிலத்தில் நன்றாக வேலை செய்யும். பாக்டீரியக் கைட்டினேஸ் கட்டுரையிலிருந்து பிஎச் 7 பஃபரை அப்படியே எடுத்துப் போட்டால் செயல்பாடு குறைவாகத்தான் தெரியும்.

கூழ் நின்ற இடத்தில் அடியில் படியும். ஒவ்வொரு முறை எடுக்கும் முன்பும் கலக்குங்கள், பைப்பெட் முனையைச் சற்று வெட்டி வாயை அகலமாக்கிக்கொள்ளுங்கள். வினை நடக்கும்போதும் குழாய்களைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று குழாய்களில் மூன்று வேறு எண் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

நேரம் முடிந்ததும் 1 மி.லி. டிஎன்எஸ் சேருங்கள். அதிலுள்ள காரம் நொதியை நிறுத்திவிடும். கொதிநீரில் 10 நிமிடம் வைத்து, அறை வெப்பநிலைக்குக் குளிரவிட்டு, சுழற்றி, மேல் திரவத்தை மட்டும் 540 நானோமீட்டரில் படியுங்கள். சுழற்றாமல் படித்தால் மிதக்கும் கைட்டின் ஒளியைச் சிதறடித்து எண்ணைக் கூட்டிக்காட்டும். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

5. வெற்றுக் குழாய்கள்

வடிநீரில் ஊடகத்துச் சர்க்கரையும், ஏற்கெனவே உடைந்த கைட்டினும் இருக்கும். கூழிலும் கொஞ்சம் கரைந்த துண்டுகள் இருக்கும். இரண்டும் டிஎன்எஸ்ஸோடு நிறம் தரும். இவற்றைக் கழிக்காத எண்ணுக்கு மதிப்பில்லை.

எளிய வழி பூஜ்ஜிய நேரக் குழாய். அதே நொதி, அதே கைட்டின், ஆனால் நொதியைச் சேர்க்கும் முன்பே டிஎன்எஸ்ஸை ஊற்றிவிட வேண்டும். இந்த ஒரு குழாய் இரண்டு பக்கப் பின்னணியையும் சேர்த்துக் கழித்துவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக இது வேண்டும். மூன்றாம் நாள் வடிநீரின் பூஜ்ஜியக் குழாயை ஐந்தாம் நாளுக்கும் பயன்படுத்த முடியாது, ஏனென்றால் வடிநீரில் உள்ள சர்க்கரை நாளுக்கு நாள் மாறும்.

இதோடு 10 நிமிடம் கொதிக்க வைத்த நொதியையும் முழு நேரம் வைத்துப் பாருங்கள். அது பூஜ்ஜியக் குழாயைவிடத் தெளிவாக அதிகம் காட்டினால், நொதி இல்லாமலே ஏதோ நடக்கிறது. கூழில் கிருமி வளர்ந்திருக்கலாம்.

பூஜ்ஜியக் குழாயே வரைபடத்தின் மேல் பாதியில் இருந்தால் கழித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து வரும் சிறிய எண்ணில் பிழைதான் மிஞ்சும். வடிநீரை டயாலிசிஸ் (சவ்வுக் குழலில் வைத்துச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுதல்) செய்துவிட்டு மறுபடி அளங்கள்.

6. வாங்கிய நொதியில் ஒத்திகை

இப்போது அந்தச் சிறு குப்பியை எடுங்கள். வாங்கிய நொதியை 1, 1/2, 1/4, 1/8 என்று நீர்த்து எல்லாவற்றையும் அளங்கள். அதன் பாக்டீரிய வகைக்குப் பிஎச் 6 சுற்றிய பஃபர் நல்லது.

நொதியைப் பாதியாக்கினால் எண்ணும் பாதியாக வேண்டும். கைட்டின் கரையாத பொருள் என்பதால் அப்படி வராத இடமும் இருக்கும். நொதி அதிகமானால் கூழின் மேற்பரப்பு நிரம்பிவிடும், அதற்கு மேல் நொதியைச் சேர்த்தாலும் எண் ஏறாது. எந்த எல்லைக்குள் நேர்கோடு வருகிறதோ அந்த எல்லைக்குள் மட்டும் உங்கள் மாதிரிகளை அளக்க வேண்டும். நீர்க்காத வடிநீரை ஒரே ஒரு முறை அளந்து இரண்டு பூஞ்சைகளை ஒப்பிட்டால், நல்லதும் சுமாரும் ஒன்றுபோலத் தெரியும்.

கணக்கு எளிது. ஒரு அலகு என்பது நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் என்-அசிட்டைல்குளுக்கோசமைனுக்கு இணையான சர்க்கரையை வெளியிடும் நொதி. அதன் மூலக்கூறு எடை 221.2. வெற்றைக் கழித்த பின் குழாயில் 110.6 மைக்ரோகிராம் இருந்தால் அது 0.5 மைக்ரோமோல். அதை 30 நிமிடத்தாலும் 0.5 மி.லி. நொதியாலும் வகுத்தால் மி.லி.க்கு 0.033 அலகு. நீர்த்திருந்தால் நீர்த்த மடங்கால் பெருக்குங்கள். எந்த வரையறையைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவையுங்கள். மணிக்கு இவ்வளவு என்று சொல்லும் கட்டுரைகளும் உண்டு, பார்க்காமல் ஒப்பிட்டால் 60 மடங்கு தவறும்.

டிஎன்எஸ்ஸில் எட்டாத அளவுக்குச் செயல்பாடு குறைவாக இருந்தால் டைமெத்தில் அமினோபென்சால்டிஹைடு முறைக்குப் போகலாம். மாதிரியைப் பொட்டாசியம் டெட்ராபோரேட்டோடு 3 நிமிடம் கொதிக்கவைத்து, அமில வினைக்கரைசல் சேர்த்து 37 டிகிரியில் 20 நிமிடம் கழித்து 585 நானோமீட்டரில் படிக்க வேண்டும். இது அசிட்டைல் அமினோ சர்க்கரையை மட்டும் பிடிக்கும், குளுக்கோஸ் குறுக்கிடாது. ஆனால் ஒற்றை அலகுக்குத்தான் நன்றாக நிறம் வரும். எண்டோகைட்டினேஸ் மட்டும் உள்ள, தூய்மையாக்கிய மாதிரியில் பெரும்பாலும் இரட்டை அலகுகளே வெளிவரும் என்பதால் இந்த முறை அதைக் குறைத்துக் காட்டும்.

7. தட்டில் முதல் தேர்வு

பல பூஞ்சை வகைகள் இருந்தால் எல்லாவற்றையும் பிளாஸ்க்கில் வளர்க்க வேண்டியதில்லை. கூழ்ம கைட்டின் 4.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.3, அம்மோனியம் சல்பேட் 3, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2, சிட்ரிக் அமிலம் 1, அகர் 15, புரோமோகிரெசால் பர்ப்பிள் 0.15 கிராம், ட்வீன்-80 200 மைக்ரோலிட்டர், 1 லிட்டரில், பிஎச் 4.7. தட்டு மஞ்சளாக இருக்கும். கைட்டின் உடையும் இடத்தில் ஊதாவாக மாறும்.

இந்த நிறம் காட்டுவது பிஎச் மாற்றத்தை, நொதியை நேரடியாக அல்ல. கைட்டின் இல்லாத தட்டு ஒன்றையும் கூடவே வைத்தால்தான் ஊதாவை நம்பலாம். தேர்வுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், வட்டத்தின் விட்டத்தை அளந்து அதை நொதி அளவாக எழுத வேண்டாம்.

8. பூஞ்சையை வளர்ப்பது

உருளைக்கிழங்கு அகர் தட்டில் நன்கு பச்சையான, 5 முதல் 7 நாள் வளர்ந்த பூஞ்சையை எடுங்கள். 0.05% ட்வீன்-80 ஊற்றி வித்துகளைத் திரட்டி, கிருமி நீக்கிய பஞ்சில் வடிகட்டி, இரண்டு முறை நீரில் கழுவுங்கள். கழுவக் காரணம், தட்டிலிருந்து குளுக்கோஸ் கூடவே வந்துவிடும். குளுக்கோஸ் இருக்கும்வரை ட்ரைக்கோடெர்மா கைட்டினேஸ் மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும். மி.லி.க்கு 10 கோடி வித்து இருக்கும்படி எண்ணி, 100 மி.லி. ஊடகத்துக்கு 1 மி.லி. சேருங்கள்.

ஊடகம், லிட்டருக்கு: பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2 கிராம், அம்மோனியம் சல்பேட் 1.4, மெக்னீசியம் சல்பேட் 0.3, கால்சியம் குளோரைடு 0.3, இரும்பு, மாங்கனீஸ், துத்தநாக உப்புகள் சில மில்லிகிராம், கூழ்ம கைட்டின் உலர் எடையில் 5 முதல் 10 கிராம். பிஎச் 5.5. கால்சியம் குளோரைடைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து ஆறிய பின் சேருங்கள். பாஸ்பேட்டோடு சேர்த்துச் சூடாக்கினால் கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்ந்துவிடும். அந்த வெண் படிவைக் கைட்டின் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

500 மி.லி. பிளாஸ்க்கில் 100 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். 28 டிகிரி, 150 சுற்று. நிறைய ஊற்றினால் காற்று போதாது.

கைட்டின் இல்லாத பிளாஸ்க் ஒன்றும் கூடவே ஓட வேண்டும். பூஞ்சையின் சொந்தச் சுவரிலும் கைட்டின் இருக்கிறது. பட்டினி கிடந்தால் அது தன் சுவரையே உடைக்க இதே வகை நொதிகளை வெளியிடும். கைட்டின் தூண்டியதால் எவ்வளவு, பட்டினியால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தப் பிளாஸ்க் இல்லாமல் முடியாது.

தினமும் 2 மி.லி. எடுத்து பிஎச், செயல்பாடு, புரதம் மூன்றையும் குறியுங்கள். உச்சம் பெரும்பாலும் 3 முதல் 6 நாளுக்குள் வரும், அது வகையைப் பொறுத்தது. அம்மோனியம் சல்பேட்டை உண்ணும்போது பிஎச் இறங்கும். பிஎச் 3-க்கு அருகில் போனால் அமிலப் புரோட்டியேஸ்கள் வேலையைத் தொடங்கிவிடும், உச்சத்துக்குப் பிறகு செயல்பாடு சட்டென்று விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேறொருவரின் கட்டுரையில் இருக்கும் "ஐந்தாம் நாள்" உங்கள் பூஞ்சைக்குப் பொருந்த வேண்டியதில்லை.

9. அறுவடை, செறிவூட்டல்

உச்ச நாளில் பிளாஸ்க்கைப் பனியில் வைத்துக் குளிரவிட்டு, 4 டிகிரியில் 10,000 ஜி வேகத்தில் 20 நிமிடம் சுழற்றுங்கள். கரையாமல் மிஞ்சிய கைட்டின் மீது கொஞ்சம் நொதி ஒட்டியிருக்கும், அது இழப்புதான். மேல் திரவத்தைப் புரதம் ஒட்டாத 0.45 மைக்ரான் பாலிஈத்தர்சல்ஃபோன் வடிகட்டியில் வடியுங்கள்.

அம்மோனியம் சல்பேட் 80% நிறைவுக்கு, 0 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 520 கிராம். 25 டிகிரியில் என்றால் 561 கிராம். எந்த வெப்பநிலைக்கான அட்டவணை என்று பார்த்துப் போடுங்கள். உப்பைத் தூளாக்கி, மெதுவாக, நுரை எழாமல் சேருங்கள், நுரையில் புரதம் உருக்குலையும். இரவு 4 டிகிரியில் விட்டு, சுழற்றி, படிவைக் குறைந்த அளவு அசிட்டேட் பஃபரில் கரையுங்கள்.

டயாலிசிஸில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சாதாரண டயாலிசிஸ் குழல் செல்லுலோஸால் ஆனது, ட்ரைக்கோடெர்மாவோ செல்லுலேஸுக்குப் பேர்போனது. செல்லுலேஸ் கலந்த மாதிரியை அறை வெப்பநிலையில் நீண்ட நேரம் விட்டால் குழல் நைந்து ஓட்டை விழும். 4 டிகிரியில், சில மணி நேரத்துக்கு ஒருமுறை பஃபரை மாற்றி, ஓர் இரவுக்குள் முடியுங்கள். வசதி இருந்தால் ஜெல் நிரப்பிய உப்பு நீக்கும் குழாய் இன்னும் நல்லது. அம்மோனியம் சல்பேட்டோடு அப்படியே டிஎன்எஸ் செய்யாதீர்கள், காரத்தில் அம்மோனியா எழும்பி எண்ணைக் குழப்பும்.

கூழ்ம கைட்டினிலேயே நொதியை ஒட்டவைத்துப் பிரிக்கும் முறை பாக்டீரியக் கைட்டினேஸுக்கு அழகாக வேலை செய்யும். ஹார்சியானத்தின் முக்கிய எண்டோகைட்டினேஸான 42 கிலோடால்டன் நொதியில் கைட்டினை இறுகப் பிடிக்கும் தனிப் பகுதி கிடையாது. அதனால் அந்த முறையை முதல் தேர்வாக வைக்க வேண்டாம், அயனிப் பரிமாற்றக் குழாய்க்குப் போவது நல்லது.

சிறு பங்குகளாகப் பிரித்து, கிளிசரால் சேர்த்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒரே குப்பியைப் பலமுறை உருக்கி உறையவைப்பதைத் தவிருங்கள்.

10. எத்தனை நொதிகள் என்று ஜெல்லில் பார்ப்பது

கிளைக்கால் கைட்டின் (நீரில் கரையும் கைட்டின்) 0.01% கலந்த அக்ரிலமைடு ஜெல்லில் மாதிரியை ஓட்டி, டிரைட்டான் எக்ஸ்-100 உள்ள அசிட்டேட் பஃபரில் ஜெல்லிலுள்ள எஸ்டிஎஸ் சோப்பை வெளியேற்றி, 37 டிகிரியில் சில மணி நேரம் விடுங்கள். கால்கோஃப்ளோர் வெள்ளைச் சாயத்தில் நனைத்துப் புறஊதா ஒளியில் பார்த்தால், ஒளிரும் ஜெல்லில் நொதி இருக்கும் இடம் கருப்புப் பட்டையாகத் தெரியும். 42, 33 கிலோடால்டன் பட்டைகளை எதிர்பார்க்கலாம். மாதிரியைக் கொதிக்க வைக்காதீர்கள், மெர்காப்டோஎத்தனாலும் வேண்டாம். இரண்டும் நொதியைத் திரும்ப எழாதபடி குலைத்துவிடும்.

11. பயன்பாடு: புரோட்டோபிளாஸ்ட் எடுப்பது

ஆய்வகத்தில் இந்த நொதிக்கு அதிகம் இருக்கும் தேவை இதுதான். பூஞ்சைக்குள் மரபணுவைச் செலுத்தச் சுவரை நீக்க வேண்டும். சுவர் நீக்கிய செல்தான் புரோட்டோபிளாஸ்ட். ஃப்யூசேரியம் ஆக்ஸிஸ்போரத்தை எடுத்துக்கொள்வோம்.

தூய்மையாக்கிய கைட்டினேஸ் மட்டும் இதற்குப் போதாது. சுவரில் கைட்டின் உள்ளே இருக்கிறது, அதைச் சுற்றி பீட்டா-1,3-குளுக்கன் இருக்கிறது. குளுக்கனேஸ் வழி திறந்தால்தான் கைட்டினேஸ் உள்ளே போகும். அதனால் இந்த வேலைக்குப் படிவாக்கிய கச்சா நொதியே மேல். ட்ரைக்கோடெர்மாவைக் கைட்டினோடு, உலர்த்திய பூஞ்சைச் சுவரையும் சேர்த்து வளர்த்தால் இரண்டும் கிடைக்கும். சந்தையில் விற்கும் 'லைசிங் என்சைம்ஸ்' என்பதும் ஹார்சியானத்தின் இதே மாதிரிக் கலவைதான்.

14 முதல் 16 மணி நேரம் வளர்ந்த இளம் இழைகளை எடுங்கள். முதிர்ந்த இழையின் சுவர் தடித்துவிடும், நொதியை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. இழைகளை 0.7 மோலார் பொட்டாசியம் குளோரைடில் கழுவுங்கள். சுவர் போனபின் செல் வெடிக்காமல் தாங்குவது இந்த உப்புதான், ஆகவே இனி எல்லாக் கரைசலிலும் இது இருக்க வேண்டும், நொதிக் கரைசலிலும்கூட. நொதியை வெறும் பஃபரில் கரைத்துச் சேர்த்துவிட்டு "ஒன்றுமே வரவில்லை" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வந்திருக்கும், வந்த நொடியே வெடித்திருக்கும்.

1 கிராம் ஈர இழைக்கு 10 மி.லி. நொதிக் கரைசல், மி.லி.க்கு 5 முதல் 10 மில்லிகிராம் கச்சா நொதி, 0.45 மைக்ரானில் வடித்தது. 30 டிகிரி, 70 சுற்று, 2 முதல் 3 மணி நேரம். அரை மணிக்கு ஒருமுறை ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். கடிகாரத்தை நம்பி விட்டுவிட்டால், கச்சா நொதியிலுள்ள புரோட்டியேஸ் முதலில் வெளிவந்த செல்களின் சவ்வைக் கெடுத்துவிடும். பாதிக்கு மேல் உருண்டை தெரிந்தால் நிறுத்தலாம்.

மெல்லிய துணி வடிகட்டியில் வடித்து, 800 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி, அதே உப்பில் இரண்டு முறை கழுவுங்கள். பொட்டாசியம் குளோரைடுக்குப் பதில் 1.2 மோலார் மெக்னீசியம் சல்பேட் பயன்படுத்தினால் புரோட்டோபிளாஸ்ட்கள் அடியில் இறங்காது, மேலே மிதக்கும். அது தெரியாமல் மேல் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள்.

உருண்டையாக இருப்பதெல்லாம் புரோட்டோபிளாஸ்ட் அல்ல, சிறு வித்துகளும் உருண்டைதான். ஒரு துளியில் நீர் சேர்த்துப் பாருங்கள், சுவர் இல்லாதவை உடனே வெடிக்கும். கால்கோஃப்ளோர் இட்டால் சுவர் மிஞ்சியவை ஒளிரும். அதற்கு மேல், ஒரே மாதிரியை ஒரு பங்கு உப்பிலும் ஒரு பங்கு வெறும் நீரிலும் நீர்த்து, 0.7 மோலார் உப்பு கலந்த மீட்பு அகரில் இரண்டையும் பரப்புங்கள். உப்புத் தட்டில் வரும் கூட்டங்களிலிருந்து நீர்த் தட்டில் வருபவற்றைக் கழித்தால் கிடைப்பதுதான் உண்மையான புரோட்டோபிளாஸ்ட் மீட்பு. இரண்டு தட்டிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை வந்தால் வளர்ந்தவை இழைத்துண்டுகளும் வித்துகளும்தான். அந்த மாதிரியில் டிஎன்ஏவைச் செலவழிக்க வேண்டாம். இன்னும் இளைய இழையோடு மறுபடி தொடங்குங்கள்.